நாலு சுற்றும் கொஞ்சமும்

கல்லுமலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு வரும் பஸ் பாதை போன மாரியில் மண்சரிவோடு ஆற்றுக்குள் போய்விட்டது. மேலே ஏறி வர மிஞ்சியது பழைய வண்டிப் பாதை ஒன்றுதான். ஒன்பது கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். மழை பெய்துவிட்டால் சோப்பைத் தேய்த்துவிட்ட மாதிரி வழுக்கும். ஆட்டோ ஏறாது. வேன்காரன் ஒருவன் ஒருமுறை பாதி தூரம் வந்து பார்த்துவிட்டு, கும்பிடு போட்டுத் திரும்பிப் போனான். ஏறி இறங்கியது முத்துலிங்கம் கங்காணியின் கார் மட்டுந்தான்.

அது இருபத்தைந்து வருஷத்துப் பழைய ஜப்பான் கார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வகை. மாற்றலாகிப் போன உதவி மானேஜர் சின்னதொரை, பங்களாவில் தூசி படிந்து கிடந்த அதை முத்துலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனார். பெற்றோலைத் தண்ணீராகக் குடிக்கிற வண்டியை டவுனில் ஒருவரும் தொடவில்லை. "கங்காணி தொரையாகிட்டாரு" என்று லயத்து வீடுகளில் சிரித்தார்கள். மண்சரிவுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. விடியக்காலையில் மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கி, தார் ரோட்டில் ஆறேகால் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு முன்னால் மேலே வந்துவிடுவார் முத்துலிங்கம்.

மூன்று பேரும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். கடைக்கார நானாவின் மகள் ரிஃப்னா, மேல் லயத்துத் தனுஜா, முத்துலிங்கத்தின் மகள் நிலக்ஷி. அந்த டிவிசனில் விஞ்ஞானம் படிக்கப் போன முதல் பிள்ளை நிலக்ஷிதான். அவள் உயிரியல் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது, ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், அடுப்படியில் நாகலெட்சுமி அகப்பையைச் சத்தமில்லாமல் வைப்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்று தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள் அவள். தன் கூடை தன்னோடு போகட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மண்சரிவில் ஏற்கனவே நிறைய நாள் வீணாகியிருந்தது. வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இனி பன்னிரண்டு நாளுக்கு மேல வராம விட்டா, பள்ளிக்கூடத்துப் பேர்ல சோதனை எழுத ஏலாதும்மா. எங்க கையில இல்ல."

இந்தப் பன்னிரண்டு நாளைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான், ஒரு வியாழக்கிழமை பின்னேரம், லயத்து வளைவில் வந்து கார் நின்றது. இயந்திரம் உறுமியது. கார் அசையவில்லை. கியரை முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் அதே உறுமல்தான்.

ஞாயிற்றுக்கிழமை முத்துலிங்கமும் நாகலெட்சுமியும் தார் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, லிந்துலையில் நூர்தீனின் கராஜுக்குப் போனார்கள். நூர்தீனுக்கு இடுப்புப் பிடிப்பு. மலை ஏறி வர முடியாது. ஒரு டயர் மேல் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"தானா மாறுற ஓட்டோ கியர்பொக்ஸ் வெந்து போச்சு அண்ணே. அதுக்கு உசிர் குடுக்கிறதவிட, கழட்டி எறிஞ்சிட்டு மெனுவல் பொக்ஸ் போடலாம். கிளச் மிதிச்சு ஓட்டுவீங்கதானே?"

"லொறி ஓட்டின கால், நானா, இது."

"அப்ப சரி. கேட்டுக்கங்க. கியர்பொக்ஸ், கிளச், கிளச் மிதிக்கிற பெடல், கியர்க் கம்பு. இவ்வளவும் வேணும். ஓட்டோ கியர் 'பார்க்'ல இருந்தாத்தான் இது ஸ்டார்ட் ஆகும். அந்த வயரை ஏமாத்தணும். அதெல்லாம் நான் பாத்துக்குவேன். கொழும்புல மச்சான் இருக்கான், ஹாப் கட் வியாபாரம்."

"அது என்னங்க நானா?" என்று நாகலெட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

"ஜப்பான்ல காரை நடுவால வெட்டிருவாங்க தங்கச்சி. மூஞ்சிப் பக்கம் மட்டும் கப்பல்ல வரும். இஞ்சின், கியர்பொக்ஸ், பெடல் எல்லாம் அதுல இருக்கும். பின்பக்கம் அங்கேயே நின்டுரும்."

"பாதிக் காரை வெச்சிக்கிட்டு அவனுங்க என்ன செய்வானுங்க?" என்றார் முத்துலிங்கம்.

"நம்மளுக்கு வித்துப்போட்டுச் சிரிப்பானுங்க." நூர்தீன் சிரித்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டார். "ஒரு விஷயம் மட்டும் பிசகக் கூடாது. ரெண்டு பேர் ஒரு கம்புல கொழுந்துச் சாக்கைக் கோத்துத் தூக்கிட்டுப் போறாங்கன்னு வைங்க. முன்னுக்குப் போறவன் வைக்கிற எட்டும், பின்னுக்குப் போறவன் வைக்கிற எட்டும் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி என்ன ஆகும்?"

"சாக்கு கீழ கெடக்கும்."

"அதேதான். கியர்பொக்ஸ்லயிருந்து பின்னால ஒரு நீளத் தண்டு போகுது. சக்கரம் ஒரு சுத்து வர, அந்தத் தண்டு எத்தன சுத்து வரும்ங்கிறது வண்டிக்கு வண்டி வேற. உங்க பின்பக்கம் எத்தனயோ, வர்ற கியர்பொக்ஸும் அத்தனயா இருக்கணும். இல்லாட்டி முன்னும் பின்னும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி, ஒரு வாரத்துல பொக்ஸ் பொடியாப் போயிரும். வீட்டுக்குப் போயி, பின்பக்கத்தைத் தூக்கிவெச்சு, எண்ணிச் சொல்லுங்க. இன்னைக்குப் பின்னேரமே மச்சானுக்குச் சொல்லணும்."

அன்று பின்னேரம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. காரின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் இரண்டு டர்பன்டைன் மரக் கட்டைகளை அண்டைகொடுத்தார்கள். முன் சக்கரங்களுக்குக் கல். சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அடியில் ஓடும் தண்டில் ஒரு சுண்ணாம்புக் கோடு. ஒரு சக்கரத்தை முத்துலிங்கம் பிடித்துக்கொண்டார், மற்றதை நிலக்ஷி. ஒல்லியான ஆள் என்று நாகலெட்சுமியைத்தான் அடியில் அனுப்பினார்கள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை விரித்து அதன் மேல் மல்லாந்து படுத்தாள். மூக்குக்கு ஒரு சாண் மேலே தண்டு.

"ரெண்டு பேரும் ஒண்ணா சுத்தணும் புள்ள. ஒரே ஒரு சுத்து," என்றார் முத்துலிங்கம் மகளிடம். "நாகு, சத்தமா எண்ணு. லயத்துக்கே கேக்கணும்."

"ஒங்க அம்மா சத்தமா பேசி நாங்க எப்பக் கேட்டிருக்கோம்?" என்று வேடிக்கை பார்க்க வந்த மீனம்மா நிலக்ஷியிடம் சொல்லிச் சிரித்தாள்.

சக்கரம் மெல்லத் திரும்பியது. தண்டு வேகமாகத் திரும்பியது. வெள்ளைக் கோடு போய்ப் போய் மேலே வந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

நாலாவது தடவை கோடு மேலே வந்தபோது சக்கரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. கோடு மறுபடி சரிந்தது. பக்கவாட்டுக்கு வந்தது. இன்னும் இறங்கி, அடியைத் தொடப்போகிற நேரத்தில் நின்றது.

"சக்கரம் வந்திருச்சு. எத்தன?"

"நாலு. அதுக்கு மேல கொஞ்சம்..."

"நாலு," என்றார் முத்துலிங்கம். போன் ஏற்கனவே காதில் இருந்தது. "நானா, எண்ணியாச்சு. நாலு."

போனில் நூர்தீனின் குரல் அடியில் படுத்திருந்தவளுக்கும் கேட்டது. "கூடக் கொறைய இல்லையே அண்ணே?"

"இல்ல நானா. நாலுதான்."

நாகலெட்சுமி தலைக்கு மேலே இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். அது அடியை ஒட்டி நின்றது. கொஞ்சம் என்று சொன்னாளே தவிர, அது அரைச் சுற்றுக்குப் பக்கம்.

இதை இன்னொருவர் கேட்டால், அப்படியென்ன அலட்சியம் என்று நினைக்கலாம். கொழுந்து நிறுவையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. முத்துலிங்கம் பதினேழு வருஷமாகத் தராசடியில் நிற்பவர். பெண்கள் சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். தராசு பதினாலும் அதற்கு மேலே பாதியும் காட்டும். "பதினாலு" என்பார் முத்துலிங்கம். சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டைக் கழித்து "பன்னெண்டு" என்று பேரேட்டுக்காரரிடம் சொல்வார். எண் காட்டும் புதுத் தராசு வந்து, பாதியும் காலும் பளிச்சென்று தெரிய ஆரம்பித்த பிறகும் அவர் வாய் முழு எண்ணோடுதான் நின்றது. விட்ட மிச்சத்தை அவர் தனக்கென்று எடுத்ததில்லை. மேலே இருந்து அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "அந்தப் புள்ளிக்கி அப்புறம் உள்ளதையெல்லாம் ஒன் வீட்டுக் கொல்லையில குமிச்சு வெச்சிருக்கியா கங்காணி?" என்று மீனம்மா கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த சாக்கு ஏறும்.

நாகலெட்சுமியின் சாக்கு ஏறும்போது அவர் இன்னும் கறாராக இருப்பார். பெண்டாட்டிக்குச் சலுகை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே. அவளும் அதற்குப் பழகியிருந்தாள். கூப்பிடுகிற எண்தான் எண். அதற்குப் பிறகு வாயைத் திறப்பது, போன பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி.

அதனால் அவள் படங்கை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள். சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நெஞ்சில் ஒரு இடம் சொன்னதும் உண்டு. அதற்குள் முத்துலிங்கம் போனை மடித்துச் சட்டைப் பையில் போட்டு, மகளின் தலையைத் தட்டி, "வெள்ளிக்கிழமைக்குள்ள பொக்ஸ் வந்திரும் புள்ள" என்று சொல்லிவிட்டார். நிலக்ஷி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அரைச் சுற்று எந்த மூலைக்கு.

அந்த வாரம் தோட்டத்து டிராக்டர் காரைக் கட்டியிழுத்து லிந்துலைக்குக் கொண்டுபோனது. நிலக்ஷியும் தாயும் இரண்டு நாள் நடந்தும் பார்த்தார்கள். நாலு மணிக்கு டோர்ச் லைட்டோடு கிளம்பினார்கள். அட்டைக் கடிக்கு உப்பைத் தேய்த்துக்கொண்டு, தேயிலை மலைகளை வளைந்து வளைந்து தார் ரோட்டுக்கு இறங்கினபோது ஆறேகால் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது வரவு இடாப்பு மூடியாகிவிட்டது. இடாப்பில் அந்த இரண்டு நாளும் 'வரவில்லை' என்றே இருந்தது. மூன்றாம் நாள் பாதை ஓரத்தில் சிறுத்தை அடித்துப்போட்ட நாயைப் பார்த்ததோடு நடையும் நின்றது. ரிஃப்னாவை அவள் தகப்பன் டவுனில் மாமி வீட்டில் விட்டார். தனுஜாவின் வீட்டில் அவளைக் கொழும்புத் துணிக்கடைக்கு அனுப்பப் பேச்சு நடந்தது. நிலக்ஷி மட்டும் லயத்துக் காம்பிரா அறையில் உட்கார்ந்து படித்தாள். "பொக்ஸ் எங்க வருதும்மா?" என்று தினமும் ஒருமுறை கேட்பாள். ஹட்டனைத் தாண்டியிருக்கும் என்று தினமும் நாகலெட்சுமி சொல்வாள்.

வெள்ளிக்கிழமை பொக்ஸ் வந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். நூர்தீனின் முகம் சரியில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மாட்டுறதுக்கு முன்னால நான் எப்பவும் ஒருக்கா எண்ணுவேன் அண்ணே. பழக்கம். இந்தப் பொக்ஸ் நாலு சுத்தும், மேல துளியூண்டும். அதுக்கு நாலுன்னுதான் சொல்லுவோம். உங்க பின்பக்கத்தையும் எண்ணினேன். அது நாலரைக்குக் கிட்ட வருது."

முத்துலிங்கம் குனிந்து பொக்ஸைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலுன்னு சொன்னீங்களே."

"நாலுதான் நானா... மேல கொஞ்சம் இருந்திச்சு."

"அந்தக் கொஞ்சத்துக்காகத்தானே எண்ணவே சொன்னேன்!" நூர்தீன் கையிலிருந்த துணியைப் பெஞ்சில் அடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எண்ட தப்பும் இருக்கு. எவ்வளவு மேலன்னு நான் கேட்டிருக்கணும். மச்சான்கிட்ட ரெண்டு பொக்ஸ் இருந்திச்சு. உங்களுக்குப் பொருந்துறதைப் புதன்கிழமை பதுளைக்காரன் கொண்டு போயிட்டான்."

"இதைத் திருப்பிக் குடுத்தா?"

"ஹாப் கட் சாமானை யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க அண்ணே."

"பின்பக்கத்தை மாத்தினா?" என்று கேட்டது நாகலெட்சுமி. இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"நல்ல கேள்விதான் தங்கச்சி. ஆனா பின்பக்கம் ஜப்பான்லதான் கெடக்கு. இங்க எங்கேயாவது ஒண்ணு ஆம்பிடணும். ஒரு மாசம் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம்." கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒண்ணு செய்யலாம். பின்னால போற தண்டையே கழட்டி வெச்சிட்டு இந்தப் பொக்ஸை மாட்டலாம். முன் சக்கரம் ரெண்டும் மட்டும் இழுக்கும். மத்தக் காரு மாதிரி ஓடும். உங்க ஏத்தத்துல... அல்லாஹ்தான் பாக்கணும்."

"மாட்டுங்க நானா," என்றார் முத்துலிங்கம்.

திரும்பி வரும்போது தார் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார்கள். மூன்றாவது வளைவில் முத்துலிங்கம் நின்றார்.

"அடியில படுத்துப் பாத்தவ நீ. ஏன் சொல்லலை?"

"சொன்னேங்க. நாலு, அதுக்கு மேல கொஞ்சம்னு சொன்னேன்."

"அழுத்திச் சொல்லியிருக்கணும்ல?"

"தராசடியில அழுத்திச் சொன்னா கேப்பீங்களா?"

முத்துலிங்கத்துக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. மழைத்தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டு நடந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஏனென்றால் தான் சொன்னது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். வாய் அடைபட்டது தராசால்தான். ஆனால் அன்றைக்குக் காரடியில் அவளுடைய கணக்கு ஏறவில்லை, மகளுடைய கணக்கு ஏறியது. அதற்காவது வாயைத் திறந்திருக்கலாம்.

நூர்தீன் அடுத்த வாரம் முழுக்க, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, வேலை செய்தார். பெடலைப் பொருத்தினார். வயரை ஏமாற்றினார். சனிக்கிழமை போன் வந்தது. நிலக்ஷிக்குப் பன்னிரண்டில் பதினொரு நாள் போயிருந்தது.

ஞாயிறு காலை மூன்று பேரும் லிந்துலைக்குப் போய்க் காரில் ஏறினார்கள். தார் ரோட்டில் கார் அழகாக ஓடியது. முத்துலிங்கம் கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராக மாற்றும்போது, பின் சீட்டில் நிலக்ஷி, "அப்பாவுக்குப் பழைய லொறி ஞாபகம் வந்திருச்சு" என்று தாயின் காதில் சொன்னாள். நாகலெட்சுமி பார்வையை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

வண்டிப் பாதை தொடங்கியது. முதல் வளைவு ஏறியது. இரண்டாவது வளைவில் முன் சக்கரங்கள் ஒருமுறை சீறிவிட்டுப் பிடித்துக்கொண்டன. மூன்றாவதில் பாதை செம்மண் கூழாகக் கிடந்தது. சக்கரங்கள் சுழன்றன. கார் நின்ற இடத்தில் நின்றபடி, மூக்கை மட்டும் இடதும் வலதுமாக ஆட்டியது. முத்துலிங்கம் கீழே விட்டு, வேகமெடுத்து, மறுபடி ஏற்றினார். அதே இடம். கல் பரப்பினார்கள். சாக்கு விரித்தார்கள். தாயும் மகளும் பின்னால் நின்று தள்ளினார்கள். பின் சக்கரங்கள் இரண்டும் அவர்கள் கைக்குப் பக்கத்தில், யாருக்கோ வந்த வேலை என்கிற மாதிரி, சும்மா இருந்தன. ஐந்தாவது முறை கார் பக்கவாட்டில் வழுக்கி, பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒரு தேயிலைச் செடியில் முட்டி நின்றது.

முத்துலிங்கம் இயந்திரத்தை நிறுத்தினார். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"வெயில் அடிச்சா ஏறும்," என்றார்.

அந்த மாதத்தில் அங்கே வெயில் அடிப்பதில்லை. இரண்டு வளைவு கீழே தார் ரோட்டில் பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது. இந்தக் கார் ஓடுகிற இடம் வரைக்கும் பஸ்ஸே ஓடுகிறது. மிச்சம் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குத்தான் கார் வேண்டும், அங்கேதான் அது ஏறாது.

"அப்பா, எறங்கி வாங்கப்பா," என்றாள் நிலக்ஷி. "மழை வர முன்னால நடந்திருவோம்."

நிலக்ஷி பள்ளிக்கூடம் போகாமலே திங்களும் செவ்வாயும் கழிந்தன. புதன்கிழமை நாகலெட்சுமி பெரட்டுக்குப் போகாமல், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். நிலக்ஷி வெள்ளைச் சீருடையைப் பையில் வைத்துக்கொண்டாள். இருவரும் நடந்து, பஸ் ஏறி, பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நிலக்ஷி கழிவறையில் உடை மாற்றி வந்தாள். வகுப்பு டீச்சர் இடாப்பைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு நாளாக இறங்கினார்.

"இன்னைக்கோட பதினாலு ஆச்சும்மா."

நாகலெட்சுமி பேசினாள். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மண்சரிவைச் சொன்னாள், சிறுத்தையைச் சொன்னாள், கியர்பொக்ஸைச் சொன்னாள். முன்னும் பின்னும் ஒரே எட்டு வைக்க வேண்டும் என்பதைக்கூடச் சொன்னாள். தப்பு பிள்ளையுடையது இல்லை, எண்ணினது நான், அவர் சொன்னது தப்பென்று தெரிந்தும் பேசாமல் இருந்தது நான் என்றாள். டீச்சர் இடையில் வெட்டாமல் கேட்டார். கேட்டு முடித்து, இடாப்பை மூடினார்.

"நிலக்ஷி கெட்டிக்காரி. எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் தனியா விண்ணப்பம் போட்டு, வெளியில இருந்து சோதனை எழுதலாம். பாடத்துக்கு எங்கேயாவது ஒரு கிளாஸுக்குப் போகட்டும்."

"கிளாஸ் எங்கங்க டீச்சர்?"

"டவுன்லதான்."

நாகலெட்சுமி தலையாட்டினாள். வேறென்ன செய்வது.

பஸ் நிலையத்தில் கூட்டமில்லை. நிலக்ஷி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சீருடையை அவள் மாற்றவில்லை. பஸ் கிளம்பி, பாலத்தைத் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். சீருடையைப் பார்த்து, பிள்ளைகள் காட்டும் சீசன் என்கிற மாத அட்டையைச் சிங்களத்தில் கேட்டுக் கையை நீட்டினார்.

"நங்கி, சீசன் எக்க?"

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அட்டை அவள் பையின் முன் அறையில்தான் இருந்தது. நாகலெட்சுமிக்கு அது தெரியும். மகளின் கை பையின் சிப் வரைக்கும் போனது. பிறகு மடிக்குத் திரும்பியது.

"சீசன் இல்ல," என்றாள் நிலக்ஷி. "ரெண்டு முழு டிக்கட்."